தெரிவூடகம்: ஒரு சொல்லும் அதன் இரு பொருளும்

அறிவியற் கலைச்சொல் ஒன்று பொருளை மயங்கவிட்டால், கற்பவரின் புரிதலும் மயங்கும். குடல்நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களை வளர்த்துப் பிரித்தெடுக்க உதவும் வளர்ப்பூடகங்களின் பெயர்கள் இதற்குத் தக்க சான்று.

முதலில் 'அகர்' என்னும் சொல்லைக் காண்போம். நம் விருந்துகளில் பரிமாறப்படும் அகர் அகரே இது. கடற்பாசியிலிருந்து பெறப்படுவது; பெயர் மலாய் மொழிக்குரியது. 1880களின் தொடக்கத்தில், பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஊடகங்களை உறையச்செய்ய ஜெலட்டின் பயன்பட்டது. மனிதக் குடற் பாக்டீரியாக்கள் செழிக்கும் 37 பாகை செல்சியஸில் அது உருகிவிடும். அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸயின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸ, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர் வழியாக அவர் அதனை அறிந்திருந்தார். அகர் ஏறத்தாழ 85 பாகையில் உருகும். 40 பாகைக்குக் கீழே உறையும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதனைச் சிதைக்கவும் இயலாது.

அகர் ஊடகத்தை உறையச்செய்வது மட்டுமே. சத்து, பெப்டோன் முதலியவற்றிலிருந்து கிடைக்கிறது. மல மாதிரியிலோ பலவகைப் பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். அவற்றுள் நோய்க்கிருமியைத் தேட இரு வழிகள் உண்டு: வேண்டாதவற்றை வளரவிடாது தடுத்தல், வளர்ந்தவற்றை நிறத்தால் வேறுபடுத்தல். முன்னதைச் செய்வது தெரிவூடகம். பின்னதைச் செய்வது வேறுபாட்டூடகம்.

மெக்கான்கி அகர் இவ்விரண்டையும் செய்கிறது. அதிலுள்ள பித்த உப்பும் படிக ஊதாச் சாயமும் கிராம் பாசிட்டிவ் வகைகளைத் தடுக்கின்றன. லாக்டோஸை நொதிக்கச் செய்யும் ஈ.கோலி அமிலத்தை உண்டாக்குவதால், நியூட்ரல் ரெட் என்னும் நிறங்காட்டி அதன் கூட்டங்களை இளஞ்சிவப்பாக்குகிறது. சால்மொனெல்லா, ஷிகெல்லா ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுவாக நிறமற்றிருக்கும்.

இங்கேதான் சொல் இடறுகிறது. தமிழில் 'தெரிதல்' என்பதற்குத் தேர்ந்தெடுத்தல், புலப்படுதல் என இரு பொருள் உண்டு. பின்னதைக் கொள்ளும் மாணவர், நிறமற்ற கூட்டத்தைக் கண்டவுடன் நோய்க்கிருமி 'தெரிந்துவிட்டது' என எண்ணக்கூடும். ஆனால் குடலில் இயல்பாக வாழக்கூடிய புரோட்டியஸும் அவ்வாறே நிறமற்று வளரும். ஊடகம் ஐயத்தின் எல்லையைச் சுருக்குகிறது. உறுதிசெய்வன உயிர்வேதியியல், ஊநீரியல் சோதனைகளே.

ஆகவே ஆசிரியர் இச்சொல்லைக் கற்பிக்கும்போது, தெரிவு என்பது இங்குத் தேர்ந்தெடுத்தலே, புலப்படுதல் அன்று என்பதை முதலிலேயே விளக்குதல் நன்று.