பிள்ளைகளைக் கேட்டதுண்டா?

சிவகாசி வட்டாரத்தில் ஒரு காலம் இருந்தது. கோழி கூவுமுன் தீப்பெட்டி ஆலைகளின் வண்டி கிராமத்து முனையில் வந்து நிற்கும். பத்து வயதுப் பாலகரும் பாலிகைகளும் தூக்கக் கண்ணோடு அதில் ஏறுவர். இருட்டிய பின்னரே வீடு திரும்புவர். எத்தனை கட்டை அடுக்கினோம், எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினோம் என்று கணக்குச் சொல்ல அவர்களுக்கு வயது போதும் என்றே பெரியோர் எண்ணினர்.

1986-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில், விரோதமாய் வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடசாலை வந்து சேர்ந்தனர். வந்த இடத்தில் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்பாரைத்தான் காணோம்.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தி, அதில் முக்கால் பங்கு ஸ்தானத்தைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியை ஸ்திரீகளுக்கும் ஒதுக்கியது. மெத்தச் சரி. மாணாக்கரைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2010-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில் மட்டும், 'உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிப் பிள்ளைகள்' என்று ஒரு சிறு பங்கு காணப்படுகிறது. அதிலும் யாரைச் சேர்ப்பது என்பது பெற்றோர் இஷ்டம். கல்வியாளரும் பிள்ளையும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்டால் யார் உட்காருவார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2024 நவம்பரில் நமது சர்க்கார் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற பெயரில், குறிஞ்சி, முல்லை என ஐந்திணைப் பெயர் சூட்டி மாணவர் அணிகளை அமைத்தனர். நல்ல ஆரம்பமே. ஆயினும் அணிக்கொரு தலைவனை நியமிப்பது ஒன்று; தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடக்கிறது என்று அவன் சொன்னால் அச்சொல் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறுவது வேறொன்று.

பிள்ளைகளை ஸ்தானத்தில் அமர்த்தினால் கட்டுப்பாடு குலையும், அரசியல் புகும் என்பார் உண்டு. ராஜஸ்தானத்துத் திலோனியாவைச் சுற்றிலும் பகலெல்லாம் ஆடு மேய்த்த பிள்ளைகள் இரவுப் பள்ளியில் படித்தார்கள். 1990-களில் அவர்களே வாக்களித்துத் தங்களுக்கு ஒரு பாராளுமன்றத்தையும் மந்திரிகளையும் தேர்ந்தெடுத்தனர். உபாத்தியாயர் நேரத்துக்கு வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று அப்'பிரதம மந்திரி' பள்ளி பள்ளியாய்ச் சென்று பார்ப்பார். அதனால் அங்கே வானம் இடிந்து விழவில்லை.

பாடத்திட்டமும் பரீட்சை மார்க்கும் உபாத்தியாயர் நியமனமும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று நாம் வாதிக்க வரவில்லை. கழிப்பறையின் தாழ்ப்பாள், குடிதண்ணீர், பஸ் நேரம், தண்டனை ஆகியவற்றை அனுபவிப்பவர் அவர்களே. பாதிக்கப்படுபவனுக்கு நோட்டீஸ் கொடாமல் நீதிமன்றத்தில் உத்தரவு பிறப்பித்தால் அது மேல்கோர்ட்டில் நில்லாது. பாடசாலைக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாதா?

நமது ஜில்லாவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. எந்தத் தோழன் மூன்று நாளாய் வரவில்லை, எந்தப் பெண் வீட்டிலிருந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்ற உட்கார்ந்துவிட்டாள் என்பது வருகைப் பதிவேட்டுக்குத் தெரியுமுன் பக்கத்து மணைக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் இது வெளிவராது. மறைக்க நேர்பவரே சில சமயம் அங்கே வீற்றிருப்பர்.

விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்தியாசாலை பிடி அரிசியால் வளர்ந்தது. வீட்டுக்கொரு பிடி போட்டவர்கள் அதைத் தம் பள்ளியென்றே உரிமை கொண்டாடினர். பள்ளி தம்முடையது என்ற எண்ணம் அதில் படிப்பவர்க்கும் வரவேண்டுமானால் அவர்களிடமும் ஏதேனும் ஒரு பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் இரு மாணாக்கருக்கு உரியதாகட்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருவரையும் பிள்ளைகளே ரகசிய வாக்கால் தேர்ந்தெடுக்கட்டும். சொன்ன குறை எழுதப்பட்டு, என்ன செய்யப்பட்டது என்ற பதில் அடுத்த கூட்டத்தில் அவர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. புதுச் சட்டமும் தேவையில்லை. சிவகாசிப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் வருகிற கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.