வெந்தயம்: உணவா, மருந்தா?

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரே விதைக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் அது வெந்தயம்; மலையாளத்தில் உலுவ. இட்லி மாவு அரைக்கும்போதும், குழம்பு தாளிக்கும்போதும் நம் இல்லங்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது. இப்போது அதே வெந்தயம் மாத்திரையாகக் குப்பிகளில் அடைக்கப்பட்டு, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று விற்கப்படுகிறது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை அறிவோம்.

நாம் உண்ணும் சோறும் தோசையும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரை உடலின் செல்களுக்குள் செல்ல உதவுகிறது. இன்சுலின் போதாமற்போனாலும், சரிவரச் செயற்படாவிட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். இதுவே சர்க்கரை நோய். கவனியாது விட்டால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பழுதடையும்.

ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் நீரில் ஊறவையுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்புக்குக் காரணம் நீரில் கரையும் நார்ச்சத்து. அது குடலில் கூழ்போலாகி, உணவு செரிக்கும் வேகத்தைத் தணிக்கிறது. ஆகவே, சர்க்கரை ஒரேயடியாக இரத்தத்தில் சேராமல் மெல்ல மெல்லச் சேர்கிறது.

இதனை ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். 1918-இல் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய நிறுவனமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கு நடைபெற்ற ஆய்வொன்று 1990-இல் வெளிவந்தது. இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நோயாளிகளுக்கு, கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம், 10 நாள்கள் உணவில் கலந்து தரப்பட்டது. அவர்களின் இரத்தச் சர்க்கரை குறைந்தது.

இங்கே ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையாயின், 100 கிராமுக்கு 200 மாத்திரைகள் வேண்டும்! எனவே, ஆய்வில் கண்ட பயனை ஓரிரு மாத்திரைகளில் எதிர்பார்த்தல் பொருந்தாது. அவ்வளவு வெந்தயத்தை நாமாக உண்பதும் தகாது. வயிற்றுப் பொருமலும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். சர்க்கரை நோய் மருந்துடன் மிகுதியாகச் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ, “வெந்தயம் இருக்கிறதே, இனி மாத்திரை எதற்கு?” என்று கூறினால், “மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டா” என்று அன்புடன் எடுத்துரையுங்கள். வெந்தயம் நல்ல உணவு. மருந்துக்குத் துணையாகலாம், மருந்துக்கு மாற்று ஆகாது.

சொற்பொருள்
கணையம் – இன்சுலின் சுரக்கும் உறுப்பு
குப்பி – சிறு புட்டி
பொருமல் – வயிறு உப்புதல்

பயிற்சி
1. ஊறிய வெந்தயம் வழவழப்பாக இருப்பது ஏன்?
2. ஆய்வில் தரப்பட்ட அளவையும் மாத்திரையின் அளவையும் ஒப்பிட்டு எழுதுக.
3. உங்கள் வீட்டில் வெந்தயம் சேர்க்கும் உணவுகளைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.