கழுத்தில் கத்தி வைத்து மிரட்டினால்...
குற்றம் செய்தவருக்கு விடுதலை உண்டா?

அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோடு. நள்ளிரவு. இரண்டு பக்கமும் வேலிக்கருவைக் காடு. கொள்ளைக் கூட்டம் ஒன்று, பட்டறையில் படுத்திருந்த கொல்லரைத் தூக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பூட்டை உடைடா! இல்லாட்டி இங்கேயே வெட்டிப் போட்டுருவோம்!"

கொல்லர் சம்மட்டியை எடுக்கிறார். பூட்டு உடைகிறது. நகை, பணம் கொள்ளை போகிறது. போலீசில் சிக்கினால் கொல்லருக்கு ஜெயிலா?

இல்லை! 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 94-வது பிரிவில் கொல்லரைத்தான் உதாரணம் காட்டியது. 1-7-2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 32-வது பிரிவிலும் அதே கொல்லர் இருக்கிறார்.

உதைக்குப் பயந்தால் போதாது

ஆனால், "மிரட்டினாங்க, செஞ்சேன்" என்று சொன்னால் மட்டும் கோர்ட்டு விடாது. அந்த நிமிஷமே உயிர் போய்விடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். "நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்ற மிரட்டல் செல்லாது. உதைக்குப் பயந்து கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவருக்கும் சலுகை இல்லை. கொலை செய்தவருக்கு அறவே கிடையாது. மிரட்டலை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான்.

அகதிக்கு வேறு நியாயம்

கொல்லருக்குக் கிடைக்கும் இந்த விடுதலை, வெளிநாட்டில் அடைக்கலம் கேட்கும் அகதிக்குக் கிடைப்பது கஷ்டம்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் வசிக்கிறார்கள். அவர்கள் நாட்டில் போர் நடந்தபோது, துப்பாக்கியோடு வந்து கேட்டவர்களிடம் "முடியாது" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அப்படி விடுதலைப்புலிகளுக்குப் பணமும் உழைப்பும் கொடுத்த ஓர் இலங்கைத் தமிழர் அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். "மிரட்டித்தான் வாங்கினார்கள்" என்றார். 2012-ல் அங்குள்ள அப்பீல் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. மிரட்டலுக்குப் பயந்து உதவினாலும் உதவி உதவிதான். விலக்கு அளிப்பது அரசாங்கத்தின் கையில் என்று கூறிவிட்டது.

கனடா சுப்ரீம் கோர்ட்டு 2013-ல், காங்கோ நாட்டுக்காரர் ஒருவரின் வழக்கில் வேறு வழி காட்டியது. ஆள் தானாகப் பங்கெடுத்தாரா, எப்படிச் சேர்க்கப்பட்டார், விலகி ஓட வழி இருந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது.

ஊர்க் கொல்லர் தப்பியதும் ஓடிப்போய்ச் சொல்ல போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்களே ஸ்டேஷனும் கோர்ட்டும் நடத்திய ஊரில் இருந்தவர், யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?