ஈரச் சுவர்களும் திறன் பற்றிய சில கேள்விகளும்

சூழல் நெருக்கடி குறித்த எமது உரையாடல்களில் எண்ணெய்க் கம்பனிகள் வரும், மூன்றாம் உலகின் கடன் வரும், மாநாடுகள் வரும். சுவருக்குப் பலகை ஒட்டுபவர் வருவதில்லை. ஊரில் பௌதிகவியல் படிப்பித்த நான், பல வருடங்களாக இங்கிலாந்தில் வெப்பக்காப்புப் பலகை செய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறேன். லொறியில் ஏறும் பலகை எங்கே போய் என்னவாகிறது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

2025 ஒக்ரோபரில் பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடுகளின் எரிசக்திச் செலவைக் குறைப்பதற்கான இரண்டு அரச திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு இடப்பட்ட வீடுகளில் 98 சதவீதமானவற்றில் திருத்தியே ஆகவேண்டிய பெருங்குறைபாடுகள் இருந்தன. எண்ணிக்கையில் 22,000 முதல் 23,000 வீடுகள். அறிக்கை சுட்டிய காரணங்களுள் ஒன்று, போதிய திறனற்றவர்களுக்கு வேலை உபஒப்பந்தமாகக் கைமாறியது. (எனது தொழிற்சாலைப் பதிவிலும் நான் 'திறனற்ற' வகைதான்.)

திறன் என்பது இங்கே என்ன? சுவரிலிருந்தே தொடங்கவேண்டும். முதலாம் உலகப்போருக்கு முந்திய ஆங்கிலேய வீடுகளிற் பெரும்பாலானவை இடைவெளியற்ற ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் கொண்டவை. மழையில் நனையும், காற்றில் உலரும். வெளியே பலகை ஒட்டிச் சாந்து பூசினால், ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீற்றருக்குச் சுமார் 2 வாற்றாக இருந்த வெப்ப இழப்பு 0.3 ஆகக் குறையும் என்பது ஏட்டுக்கணக்கு. ஆனால் காஸ் மீற்றர்ப் பெட்டி இருக்கும் இடத்தில் பலகை இல்லை. அந்தத் துண்டு மட்டும் குளிராகவே நிற்கும். 20 பாகையில் 60 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்று 12 பாகைத் தளத்தில் பட்டாலே தண்ணீர் விடத் தொடங்கும். சமையலறைக்கு விசிறியும் பூட்டாமல் வெடிப்புகளையெல்லாம் அடைத்துவிட்டால் ஈரம் அந்தத் துண்டைத் தேடிப் போகும். பிறகு பூஞ்சணம், அதன்பின் பிள்ளைகளின் இருமல்.

தாவாரத்தின் கதை இன்னும் மோசம். 100 மில்லிமீற்றர்ப் பலகை ஒட்டினால் சுவர் அந்தளவு வெளியே வருகிறது. கூரை விளிம்பையும் பீலியையும் நீட்டாவிட்டால் மழைநீர் பலகைக்குப் பின்னால் இறங்கும். பிரெஸ்ரன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 அளவில் முடிந்த வேலையில் 300 இற்கும் மேற்பட்ட வீடுகள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் பாழாயின. அதன்பின் 2019 இல் வந்த புதிய தரவிதி, வீட்டை முழுமையாக ஆராய்ந்து, ஓர் ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பிலேயே வேலை நடக்கவேண்டும் என்கிறது. தாளில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2025 இன் அறிக்கை பேசுவது அவ்விதி வந்தபின் தொடங்கிய திட்டங்களைப் பற்றி.

பயிற்சி போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2020 செப்ரெம்பரில் 600,000 வீடுகளை இலக்காகக் கொண்டு தொடங்கிய இங்கிலாந்தின் பசுமை வீட்டு மானியம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது; சுமார் 47,500 வீடுகளே பயன்பெறும் எனக் கணக்கிடப்பட்டது. ஆறு மாதத்தில் மறையும் திட்டத்தை நம்பி எந்த முதலாளி பயிலுநரைச் சேர்ப்பார்? சுயதொழிலாளி என்று பதியப்பட்டவருக்கோ வகுப்பில் இருக்கும் ஒரு நாள், கூலியில்லாத ஒரு நாள்.

எனக்கு மருமகன் முறையான ஒருவர் இந்த வேலைதான் செய்கிறார், சதுர மீற்றர்க் கணக்கில். "தாவாரம் காணாது எண்டு பாத்தவுடன தெரியும் மாமா. சொன்னால் நாளைக்கு வேற ஆள் நிப்பான்" என்றார். இதைத் திறனின்மை என்று எப்படி எழுதுவது? ஆனால் மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் ஏன் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்து விளக்கினேன். போத்தல் வியர்ப்பதைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தப் பெட்டியை அரக்கிறது ஆற்றை வேலை?"

பலகை ஒட்டுபவர் காஸ் குழாயில் கைவைக்கச் சட்டம் விடாது. அதற்கு உரியவர் வரவேண்டும். அவரை அழைப்பது யார், அதுவரை நிற்கும் நாட்களுக்குக் கூலி தருவது யார் என்பது மருமகனிடமிருந்த வேலைத்தாளில் எங்கும் இல்லை. இருவரும் தேடிப் பார்த்தோம்.