உங்களுக்குத் தெரியுமா? துணியில் போட வேண்டிய கோடு இரண்டு!

வீட்டில் தைப்பவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள். துணியில் தைக்கிற கோடு என்று ஒன்று உண்டு, வெட்டுகிற கோடு என்று ஒன்று உண்டு. உடம்பில் வந்து உட்காருவது தைக்கிற கோடு. அதற்கு வெளியே எவ்வளவு துணி விடுகிறோம் என்பதைக் காட்டுவது மட்டுமே வெட்டுகிற கோட்டின் வேலை. இதை மட்டும் போட்டுக்கொண்டு, மெஷினில் கண் மதிப்பில் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அளவு சரியாக எடுத்தும் ரவிக்கை பிடிக்கிறது, தொளதொளக்கிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

★ பாரிஸின் உயர்தரத் தையலகங்களில் தைக்கிற கோட்டை நூலால் ஓட்டி அடையாளம் வைப்பார்கள். அதற்கு வெளியே ஒரு இன்ச்சோ அதற்கு மேலோ தாராளமாக விட்டு வெட்டுவார்கள். இரண்டு பாகங்களைச் சேர்க்கும்போது ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதில்லை. நூல் கோட்டின் மேல் நூல் கோடு விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இதற்கு நேர் எதிர். அங்கே தைக்கிற கோடே போடுவதில்லை. ஓரத்தில் விடும் துணி முன்பே முடிவான அளவு என்பதால், ஓரத்தைப் பிடித்து ஓட்டினாலே போதும். ஒன்றே ஒன்றை, அதுவும் ஒருவர் உடம்புக்கென்றே தைக்கும் நமக்குப் பாரிஸ் வழிதான் பொருந்தும்.

★ மழுங்கிய சாக்கால் போட்ட கோட்டின் கனம் சுலபமாக 1/16 இன்ச் வரும். எட்டு பீஸ் வைத்த அனார்கலி குர்தாவில் தையல் எட்டு, ஓரம் பதினாறு. ஒவ்வொரு ஓரத்தையும் கோட்டின் உள்விளிம்பில் வெட்டாமல் வெளிவிளிம்பில் வெட்டினால் சுற்றளவில் 1 இன்ச் கூடிவிடும். எந்த விளிம்பில் வெட்டினாலும் சரி, எல்லாத் துண்டுக்கும் ஒரே விளிம்பாக இருக்கட்டும். சாக்கின் ஓரத்தை பிளேடால் சீவிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

★ மார்புச் சுற்றளவு 36 என்றால் மடித்த துணியில் 9 இன்ச்சுக்குக் குறிக்கிறோம். அங்கே கால் இன்ச் தவறினால் உடம்பில் அது ஒரு இன்ச்.

★ வட்டக் கழுத்துக்கு உள்பக்கம் அரை இன்ச் தையலுக்கு விட்டால், வெட்டிய ஓரம் தையல் கோட்டைவிட 3.14 இன்ச் குட்டையாக இருக்கும். கழுத்து பெரிதோ சிறிதோ, முழு வட்டமாக இருந்தால் வித்தியாசம் இதேதான். ஆரம் அரை இன்ச் குறைந்தால் சுற்றளவு 3.14 இன்ச் குறையும் என்று பள்ளியில் படித்த கணக்குதான் இது. குட்டையான ஓரம் உள்ளே மடங்கி விரிய முடியாமல் இழுப்பதால்தான் சுருக்கம் விழுகிறது, அதனால்தான் சுற்றிலும் கட் கொடுக்கிறோம். கழுத்துக்குக் கால் இன்ச் மட்டும் விட்டால் வித்தியாசம் பாதியாகிவிடும். பலர் செய்யும் இன்னொரு பிழை, கழுத்து இறக்கத்தை அளந்து வரைந்த கோட்டிலேயே வெட்டிவிடுவது. அது தைக்கிற கோடு. அதில் வெட்டித் தைத்தால் கழுத்து சுற்றிலும் கால் இன்ச் அகன்று, ஷோல்டர் வழுக்கும்.

★ இன்ச் டேப் தையல்காரர் கைக்கு வந்தது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு காகிதப் பட்டை வைத்திருந்தார்கள். மார்பு எவ்வளவு, கை எவ்வளவு என்பதையெல்லாம் அந்தப் பட்டையின் ஓரத்தில் சின்ன வெட்டாகக் குறித்துக்கொள்வார்கள். ஆனால், துணியில் எந்தப் பாகத்தை எங்கே வைத்து வெட்டலாம் என்று படம் போட்டுக் காட்டும் புத்தகம் அதற்கும் வெகு முன்பே வந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டுத் தையல் கலைஞர் யுவான் தே அல்செகா அதை 1580-ல் மாட்ரிட்டில் வெளியிட்டார்.

★ அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்கத் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தையல்காரர், ஆண்டு 1863. அந்தக் காலத்து பேட்டர்னில் கோடும் இருக்காது, எழுத்தும் இருக்காது. மெல்லிய காகிதத்தில் துளைகளும் ஓர வெட்டுகளும் மட்டுமே இருக்கும். எந்தத் துளை எதற்கு என்று வாங்கியவர்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

★ வெளிநாட்டு பேட்டர்ன் வாங்குகிறீர்களா? பட்டரிக், சிம்ப்ளிசிட்டி, வோக் போன்றவற்றில் தையலுக்கு 5/8 இன்ச் சேர்த்தே வரைந்திருப்பார்கள். ஜெர்மனியின் பர்தா பத்திரிகை பேட்டர்னில் இருப்பது தைக்கிற கோடு மட்டும், வெளியே விட வேண்டியதை நாமே சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து வெட்டினால் துணி வீண்.

★ தைக்கிற கோட்டையும் வெட்டுகிற கோட்டையும் ஒரே இழுப்பில் போட ஒரு வழி இருக்கிறது. கூராகச் சீவிய இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். பென்சிலின் கனம் 7 மி.மீ. அளவில் இருப்பதால் கோடுகளுக்கு இடையே கால் இன்ச்சுக்குச் சற்றுக் கூடுதல் கிடைக்கும். உள் பென்சில் பேட்டர்ன் ஓரத்தை ஒட்டி ஓட, வெளி பென்சில் தானாகவே வெட்டுகிற கோட்டைப் போட்டுவிடும். கைக்குழி வளைவில் இரண்டு முனையும் வளைவுக்குக் குறுக்காக நிற்கும்படி கையைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி சுருங்கிவிடும்.

★ அடர் நிறத் துணிக்குத் தேய்ந்து மெலிந்த வெள்ளை சோப்புத் துண்டு அருமையான சாக். கோடு மெல்லியதாக விழும், ஒரே அலசலில் போய்விடும். மெழுகு கலந்த சாக்கைப் பட்டில் வைக்காதீர்கள். இஸ்திரிச் சூட்டில் மெழுகு உருகி எண்ணெய்க் கறையாகத் தங்கிவிடும்.

★ பட்டுச் சேலையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 செ.மீ.தான். கெட்டுப்போனால் அதே கரையில் மாற்றுத் துணி கிடைக்காது. பட்டில் குண்டூசித் துளையும் மறையாது என்பதால் தையலுக்கு விட்ட பகுதிக்குள் மட்டும் குத்த வேண்டும். டாட் புள்ளியைக் குறிக்க நூலைப் போல நல்ல வழி வேறில்லை. இரட்டை நூலில் முடிச்சுப் போடாமல், புள்ளி இருக்கும் இடத்தில் இரண்டு மடிப்பையும் சேர்த்து ஒரு தையல் எடுங்கள். அதே இடத்தில் இன்னொரு தையல் எடுத்து, வளையத்தை இறுக்காமல் தளர்வாக விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு இன்ச் வால் விட்டு நூலை வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு துணியையும் மெல்லப் பிரித்து, நடுவே தெரியும் நூலைக் கத்தரித்தால் வலது பாகத்திலும் இடது பாகத்திலும் மிகச் சரியாக ஒரே இடத்தில் நூல் துணுக்கு நிற்கும். சாக் பிடிக்காத வெல்வெட்டுக்கும் இதே முறைதான். வேலை முடிந்ததும் இழுத்தால் வந்துவிடும், கறை என்ற பேச்சே இல்லை.

★ தண்ணீரில் மறையும் நீல நிற பேனாக் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கோடு நிரந்தரமாகிவிடலாம். காற்றிலேயே மறையும் ஊதா பேனா, ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மறையும். அன்றே தைத்து முடிக்கிற வேலைக்கு மட்டும் அதை எடுங்கள். பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஸன் பேனா மை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மறையும். ஆனால் மைனஸ் 10 டிகிரி, அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடியும் தெரியத் தொடங்கும்! கனடாவில் இருக்கும் மகளுக்கோ பேத்திக்கோ தைத்து அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

★ நம் ரவிக்கையில் பக்கத் தையலுக்கு ஒன்றரை, இரண்டு இன்ச் வரை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் அடுத்தடுத்து ஓட்டுவது வழக்கம். பிறகு பெரிதாக்க வேண்டுமென்றால் உள் தையலைப் பிரித்தால் போதும், அடுத்தது தயாராக இருக்கும். எத்தனையோ வருடம் ஒரே ரவிக்கையை உடுத்த வைக்கும் அருமையான வழக்கம் இது. ஆனால் உடம்பில் விட்ட அதே அளவு கையின் அடிப்பக்கத்திலும் விட்டிருக்க வேண்டும். உடம்பில் இரண்டு இன்ச்சும் கையில் அரை இன்ச்சுமாக விட்டால், உள்ளே துணி இருந்தும் பிரிக்க முடியாது.

★ ஓரத்தில் கொடுக்கும் சின்ன அடையாள வெட்டு, தையலுக்கு விட்ட துணியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. கைக்குழியில் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இரண்டு என்பது அச்சிட்ட பேட்டர்ன்களின் மரபு. வலது கை, இடது கை மாறிப் போகாமலிருக்க இது ஒன்றே போதும்.

★ கிராஸ் பட்டி சரியாக 45 டிகிரியில் வெட்டப்பட்டால்தான் முழுமையாக இழுபடும். கோணம் தவறினால் பைப்பிங் முறுக்கும். கிராஸ் கட் பாவாடையை ஒரு இரவு தொங்கவிட்டு, துணி இறங்கி நின்ற பிறகே கீழ் மடிப்புக்குக் கோடு போட வேண்டும்.

★ லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் சாக்கைத் தொட வேண்டும். நனைத்துச் சுருக்காத துணியில் போட்ட கோடு, முதல் சலவையில் அளவு மாறிவிடும்.

★ கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒரு வேலை பாக்கி. இன்ச் டேப்பைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, கைக்குழியின் தைக்கிற கோட்டையும் கையின் தைக்கிற கோட்டையும் வளைவோடு வளைவாக அளந்து பாருங்கள். கையின் கோடு சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் தைரியமாக வெட்டலாம். குறைவாக இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள், கோட்டை அழித்து மறுபடி போடுங்கள்.