முதியோர் வகுப்பு: பாடத்திற்கு முன் பயில்வோரை அறிவோம்

முதியோர் வகுப்புகளும் உழவர் பயிற்சிகளும் தொடங்கும் நாளில் கூட்டம் நிறைந்திருக்கும். சில வாரங்கள் சென்றபின் பாதிப்பேர் கூட வருவதில்லை. வருவோருக்கு அக்கறை இல்லை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் மண் ஆய்வு செய்யாமல் எல்லா வயலுக்கும் ஒரே அளவில் உரமிட்டுவிட்டுப் பயிரைக் குறை கூறுவது முறையாகுமா? வகுப்புக்கும் அவ்வாறே. பயில்வோர் யார், கற்பிப்போர் யார் என்னும் விவரங்களை முன்னதாகத் திரட்டிக்கொண்டு பாடத்தை அமைப்பது இன்றியமையாதது. உழவர் விவாதக் குழுவினரும் மகளிர் குழுவினரும் தாங்களே இதனைச் செய்யலாம்.

ஏன் தேவை?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 80 விழுக்காட்டினர். ஆண்களில் இது சுமார் 87, பெண்களில் சுமார் 73 விழுக்காடு. நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆயினும் பயிற்சிக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் நிலத்துக்கு உரிமையுள்ள ஆணின் பெயருக்குத்தான்.

பூச்சிமருந்துப் புட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நச்சுத்தன்மையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களில் ஒன்று காட்டுகிறது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. அளவும் முதலுதவியும் சிறு எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. மருந்தை வாங்குபவர் ஒருவர், தெளிப்பவர் வேறொருவர். தெளிப்பவரால் அதைப் படிக்க இயலாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவரை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி யாருக்காக?

பயில்வோரிடம் அறிய வேண்டியவை

1. படிக்கும் திறன்: சிலருக்கு எழுத்தே தெரியாது. சிலர் கையெழுத்து மட்டும் போடுவர். சிலர் எழுத்துக் கூட்டிப் படிப்பர். சிலர் தடையின்றிப் படிப்பர். இதனைத் தேர்வு வைத்து அறியக் கூடாது. குடும்ப அட்டை, பேருந்துப் பலகை, விதைப் பை ஆகியவற்றில் எதைத் தாமே பார்த்துத் தெரிந்துகொள்கிறார் என்று பேச்சுவாக்கில் கேட்டாலே போதும்.

2. கண்பார்வை: நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பொருள் மங்கலாகத் தெரிவது இயல்பு. எழுத்து தெரியாததை, 'இந்த வயதில் மண்டையில் ஏறவில்லை' என்று அவர்களே தவறாக எண்ணிக்கொள்வர். அரிசியில் கல் பொறுக்க, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியாதெனில் முதலில் தேவை கண்ணாடி, பாடநூல் பிறகு.

3. நேரம்: பால் கறக்கும் வேளை, சமையல் வேளை, நடவுக் காலம், அறுவடைக் காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

4. இடம்: எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வந்து சமமாக அமரக்கூடிய பொது இடமா? இரவில் பெண்கள் தனியே நடந்து செல்ல ஏற்றதா? ஒரு தெருவினர் வர அஞ்சும் இடத்தில் வகுப்பு வைத்தால், அவர்களைப் பெயர் சொல்லித் தள்ளிவைத்தது போலாகும்.

5. ஏற்கெனவே அறிந்தவை: எழுத்தறியாதவர் அறிவில்லாதவர் அல்லர். படி, மரக்கால், மா, குழி ஆகியவற்றில் வாய்க்கணக்காகவே கூலி கணக்கிடுவர். பரிந்துரையோ எக்டருக்குக் கிலோவில் இருக்கும். ஓர் எக்டர் சுமார் இரண்டரை ஏக்கர்; 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. இவற்றை அவர்தம் கணக்கோடு இணைத்துக் கற்பித்தால் விரைவில் பதியும்.

கற்பிப்போரிடம் அறிய வேண்டியவை

பட்டம் ஒன்றே தகுதியாகாது. ஊர்ப் பேச்சு அறிந்தவரா? பெரியவர்களைக் குழந்தைகள் போல் அதட்டாதவரா? பருவம் முழுவதும் வர இயலுமா? பயிர்த்தொழிலில் எதைச் செய்து பழகியவர்? இவற்றைக் குறித்துக்கொண்டு, எழுத்துக் கற்பிக்க ஒருவரும் தொழில் சொல்ல ஒருவருமாக இணைப்பது நல்லது. நாற்று நட்டுத் தேர்ந்த பெண், வரிசை நடவைப் பலரினும் தெளிவாகச் சொல்லித் தருவார்.

அனுபவம் காட்டுவது

1963ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்னும் ஊரில் பாவ்லோ ஃப்ரேய்ரே முதியோர் வகுப்பு நடத்தியபோது, முதலில் ஊராரின் அன்றாடச் சொற்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டே எழுத்தைக் கற்பித்தார். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையின்றிச் சென்றுவர வேண்டும் என்னும் அவர்களது தேவையை உணர்ந்து நடத்தியதால் அது பரவியது. 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள், சுமார் 25 பேர் வாரந்தோறும் வயலிலேயே கூடிப் பார்த்துக் கற்கும் முறையைக் காட்டின.

விவரத்தைப் பாடமாக்குதல்

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் 24 பேர் பெயர் கொடுத்துள்ளனர் என்க. எட்டுப் பேருக்கு எழுத்து தெரியாது. ஏழு பேர் கையெழுத்து மட்டும். ஐந்து பேர் எழுத்துக் கூட்டுவோர். நான்கு பேர் நன்கு படிப்போர். மாலை 7 மணிக்கு 15 பேரால் வர இயலும்; மற்ற 9 பேருக்குப் பிற்பகல் 2 மணியே ஏற்றது. ஆறு பேருக்குக் கிட்டப்பார்வைக் குறை.

இதிலிருந்து திட்டம் தானே கிடைக்கிறது. பிற்பகலும் மாலையுமாக இரு வகுப்புகள். ஒவ்வொன்றிலும் நன்கு படிக்கும் இருவர் துணையாசிரியர். முதல் அரைமணி தகுதிக்கேற்பச் சிறு குழுக்களாக எழுத்துப் பயிற்சி. பின்னர் அனைவரும் சேர்ந்து பயிர்ப் பாடம். ஆறு பேருக்குப் பாடம் தொடங்குமுன் கண் பரிசோதனை. நடவு மும்முரமான வாரங்களில் வகுப்புக்கு விடுமுறை.

கவனிக்க வேண்டியவை

திரட்டிய விவரங்களைப் பலர் முன் படிக்கக் கூடாது. 'எழுத்தறியாதார் பட்டியல்' என்று சுவரில் ஒட்டவும் கூடாது. வெட்கப்பட்டவர் மறுநாள் வரமாட்டார். மாதம் ஒருமுறை, வராமல் நின்றவர் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டு, நேரத்தையோ பாடத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தேவை ஒரு குறிப்பேடும் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளுமே. அடுத்த பயிற்சி தொடங்குமுன் உங்கள் குழுவினர் இதனைச் செய்து பார்த்துப் பயன்பெறலாம்.