குப்பைக் குழிக்கு அடியில் என்ன இருக்கிறது?



கோடையில் கரிசல் காடு கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், மண் ஊதி வெடிப்பெல்லாம் தானா மூடிக்கும். பிறகு தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது. இதே குணம் இன்னும் அதிகமாக உள்ள களிமண்ணுக்கு பெண்டோனைட் என்று பெயர். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் இது கிடைக்கிறது.

இந்த மண்ணை இரண்டு செயற்கை இழைத் துணிகளுக்கு நடுவே பரப்பி, ஊசியால் குத்திப் பிணைத்து, பாய் மாதிரி சுருட்டி விற்கிறார்கள். இதுதான் களிமண் விரிப்பு. காய்ந்திருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. நனைந்தால் ஊதி, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். சின்ன ஓட்டை விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மழைநீர் குப்பையில் ஊறிக் கறுப்புச் சாறாக வடிகிறது. அது நிலத்தில் இறங்கினால் கிணறும் போரும் கெட்டுப்போகும். அதனால்தான், குப்பை புதைக்கும் குழிக்கு அடியில் 90 செ.மீ. இறுக்கிய களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளும் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் கூறின. நல்ல களிமண் கிடைக்காத இடங்களில், கனமான மண் அடுக்குக்குப் பதிலாக இந்த விரிப்பைப் பல நாடுகளில் போடுகிறார்கள். குளம், கால்வாய்களிலும் பயன்படுகிறது.

ஆனால் விரித்துவிட்டால் மட்டும் போதாது.

* அடியில் கூர்மையான கல், வேர் இருக்கக்கூடாது.
* ஒரு விரிப்பின் ஓரம் அடுத்ததன்மேல் குறைந்தது 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். இடையில் பெண்டோனைட் தூவ வேண்டும்.
* மழைக்கு முன்பே, அன்றன்றைக்கே மூடிவிட வேண்டும். மேலே பாரம் இல்லாமல் நனைந்தால் மண் தாறுமாறாக ஊதிக் கெட்டுவிடும்.
* உப்புத் தண்ணீர் பட்டால் ஊதும் சக்தி குறையும்.

நம் ஊர்ப் பக்கம் குப்பைக்கிடங்கு வருகிறதென்றால், கிராம சபையில் கேட்போம்: "அடியில் என்ன போடுறீங்க? வடியும் சாறு எங்கே போகும்? பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை யார் சோதிப்பாங்க?"

கெட்ட ஊற்றைச் சரிசெய்வது லேசில்லை. அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடக்கப்போவது நாம்தானே!